பெயிண்டுக்கு அடியில் நடப்பது

அவலூர்பேட்டையில் வேப்பமரத்தடியில் பல வருடம் நின்ற ஒரு பழைய அம்பாசிடரையும், நாகப்பட்டினத்தில் கடற்காற்றில் அதே அளவு காலம் நின்ற இன்னொன்றையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால், இரண்டும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை என்று நம்புவது கடினம். நாகப்பட்டினத்து வண்டியில் கதவின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தகடு பொடிந்து விழும். அவலூர்பேட்டை வண்டியில் நிறம் வெளுத்திருக்கும், தடவினால் விரலில் பொடி ஒட்டும், பானெட்டில் அங்கங்கே செதில் விட்டிருக்கும். ஆனால் சுரண்டிப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் உள்ளே இரும்பு இரும்பாகவே இருக்கும்.

மேல்மலையனூர் வட்டத்தில், செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட அவலூர்பேட்டை கடலிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. காற்றில் உப்பு மிகக் குறைவு. வருடத்தில் பல மாதம் வறண்ட வெயில். இங்கே வண்டியின் முதல் எதிரி சூரியன். துரு அதற்கு அடுத்துதான் வருகிறது. வெயில் தின்பது பெயிண்டை, உப்பு தின்பது தகட்டை. பெயிண்ட் போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். தகடு போனால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துத்தான் ஆகவேண்டும். ஆகவே செஞ்சி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர், வீட்டு வாசலிலேயே அதைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்க நினைப்பது வீண் ஆசை இல்லை. பெயிண்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு இறங்கினால் போதும்.

இரும்பு எந்த ஊரில் எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்பதை நம் நாட்டில் அளந்து வரைபடமாக்கியவர்கள் காரைக்குடியில் இருக்கிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மக்கள் சொல்வதில் ‘சிக்ரி’. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெவ்வேறு ஊர்களில் உலோகத் துண்டுகளைத் திறந்த வெளியில் வைத்து, குறிப்பிட்ட காலம் கழித்து எடுத்து, எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பது இவர்கள் முறை. மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையமும் உண்டு. கடற்கரையை விட்டு உள்ளே போகப் போக இரும்பின் இழப்பு சரசரவென்று குறைவதை இப்படிப்பட்ட அளவீடுகள்தாம் எண்களில் காட்டின.

துருப்பிடிப்பது ஒரு மின் வேலை. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும். ஈரமான இரும்பின் மேல் ஓரிடம் எதிர்முனையாகவும் இன்னோரிடம் நேர்முனையாகவும் ஆகிவிடுகின்றன. ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை இழந்து தண்ணீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, காற்று நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன. சுற்று முழுமையாக வேண்டுமானால் தண்ணீர் வழியாகவும் மின்னூட்டம் நகரவேண்டும். தூய தண்ணீர் மின்சாரத்தை மோசமாகக் கடத்தும், உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்தும். நாகப்பட்டினத்துக்கும் அவலூர்பேட்டைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவே.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920-களில் இதை ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்துக் காட்டினார். மெருகேற்றிய இரும்பின் மேல் சொட்டை விட்டால், காற்று எளிதில் எட்டும் விளிம்பு அரிக்கப்படுவதில்லை. காற்று எட்டாத நடுப்பகுதிதான் அரிக்கப்படுகிறது. இடையில் ஒரு வளையமாகத் துரு படிகிறது. வண்டியில் துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு இந்தச் சொட்டே வழிகாட்டி. சக்கர வளைவின் உள்மடிப்பில் அப்பிக் காய்ந்த சேறு, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்கின் அடி, தரை விரிப்புக்குக் கீழே ஊறிய தளம், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த விளிம்பு என்று ஈரம் தங்கி காற்று குறைவாகக் கிடைக்கும் இடங்களில்தான் இரும்பு கரைகிறது. கண்ணுக்குத் தெரியும் கதவின் நடுவில் துரு குறைவாகவும் தெரியாத மடிப்பில் அதிகமாகவும் இருப்பது தற்செயல் இல்லை. வீட்டில் வேலை தொடங்கும்போது முதல் நாளைப் பெயிண்டுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதற்குக் கொடுங்கள்.

அப்போது ஒரு காந்தத்தையும் கூடவே எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்திப் போனால், நல்ல தகட்டில் சுண்டி இழுக்கும், பள்ளத்தை நிரப்பப் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடி தளரும். முந்தைய சொந்தக்காரர் எதையெல்லாம் மூடி மறைத்தார் என்பது கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எல்லாப் பழைய காரும் வீட்டு வேலைக்கு ஒரே அளவு ஒத்துவராது. 1960-களில் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இதற்கென்றே செய்ததுபோல் அமைந்த வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவியது. தனியாக ஒரு சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டுப் பொருத்திய பாடித் துண்டுகள். துண்டைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைத்து வேலை செய்யலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் வேறு வகை. அதற்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. 1983-இல் வந்த மாருதி 800-உம் அப்படியே, தகடு இன்னும் மெல்லியது. இவற்றில் முன்பக்க மட்கார்டு, கதவு, டிக்கி மூடி ஆகியவற்றை வீட்டில் தொடலாம். ஆனால் கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதியிலோ, சஸ்பென்ஷன் வந்து சேரும் இடத்திலோ துரு ஓட்டை போட்டிருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அதை அனுபவமுள்ள வெல்டரிடம் விட்டுவிடுங்கள். அந்த ஓட்டையைப் பட்டி வைத்து மூடுவது குற்றம் என்றே நான் சொல்வேன்.

இனி பெயிண்டுக்கு வருவோம். பெயிண்ட் ஏன் துருவைத் தடுக்கிறது என்று கேட்டால், தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாமல் மூடுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜே. ஈ. ஓ. மேய்ன் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாதாரணப் பெயிண்ட் படலத்தின் வழியே கசியும் தண்ணீரின் அளவும் ஆக்சிஜனின் அளவும், மூடாத இரும்பு துருப்பிடிக்கத் தேவையான அளவுக்குக் குறையவில்லை. அப்படியானால் பெயிண்ட் அடித்த இரும்பும் அடிக்காத இரும்பைப் போலவே துருப்பிடித்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. காரணம், பெயிண்ட் தண்ணீரை விட்டாலும் உப்பின் மின்னூட்டத் துகள்களை, அதாவது அயனிகளை, எளிதில் விடுவதில்லை. சுற்று அறுந்துபோகிறது. கூடவே பெயிண்ட் தகட்டை இறுக்கமாகக் கவ்வியிருந்தால் கசிந்து வந்த தண்ணீர் ஒன்றுகூடித் தேங்க இடமில்லை. காப்பது இந்த இரண்டும்தான்: அயனிக்கு வழிவிடாமை, தகட்டை விடாத பிடிப்பு.

இதிலிருந்து வீட்டு வேலைக்காரர் கற்கவேண்டியது மிகப் பெரியது. பெயிண்ட் அடிக்கும் முன்பே உப்பு அடியில் இருந்துவிட்டால், மேலே எத்தனை கோட் அடித்தும் பயன் குறைவு. வியர்த்த கையால் தகட்டைத் தொட்டுவிட்டு அப்படியே பிரைமர் அடித்தால், அந்த விரல் ரேகையில் இருந்த உப்பு படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. படலம் தண்ணீரை உள்ளே விடும், உப்பை வெளியே விடாது. உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் இழுபடுகிறது. பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதேதான். சில மாதத்தில் விரல்பட்ட இடத்தில் கொப்புளம் எழும்பும், கொப்புளத்துக்குள் துரு. ஒரு கீறலைச் சுற்றி வளையமாகப் பெயிண்ட் உப்பி வருவதற்கும் மின்சுற்றே காரணம். கீறலில் இரும்பு கரைய, பக்கத்தில் படலத்தின் அடியில் காரம் உண்டாகிறது. அந்தக் காரம் பெயிண்டின் பிடியை அறுக்கிறது. ஆக, சின்னக் கீறல் சின்னதாகவே இருக்காது.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. துருவை எடுக்கக் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. நுரைத்துப் பொங்கித் துரு கரைந்து தகடு பளிச்சென்று தெரியும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலிருக்கும் குளோரைடு தகட்டின் நுண்ணிய குழிகளிலும் மடிப்புகளிலும் புகுந்துகொண்டால் கழுவி எடுப்பது மிகக் கடினம். கடலே இல்லாத ஊரில் நாமே கடலைக் கொண்டுவந்து பெயிண்டுக்கு அடியில் வைத்த கதையாகிவிடும். துருவைக் கம்பி பிரஷ், எமரி கொண்டு தேய்த்து எடுங்கள். குழிக்குள் எட்டாத மிச்சத்துக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி கடைகளில் கிடைக்கிறது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. அந்த அடுக்கு இரும்பில் ஒட்டி நிற்கும், பிரைமருக்கும் பிடிமானம் தரும். கார்த் தொழிற்சாலைகளிலும் பெயிண்டுக்கு முன்னால் பாடியைப் பாஸ்பேட் குளியலில் முக்கியே எடுக்கிறார்கள்.

தில்லி மெஹ்ரோலியில் நிற்கும், ஏறக்குறைய 1,600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூணுக்கும் இந்தப் பாஸ்பேட்டுக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். பழங்கால உலைகளில் சுண்ணாம்பு சேர்க்காததால் அது கசடோடு போகாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம், தூணின் மேல்தோலை ஆராய்ந்து, மழையிலும் வெயிலிலும் மாறி மாறி நனைந்து காய்ந்ததில் அங்கே இரும்புப் பாஸ்பேட் கொண்ட மெல்லிய காப்புப் படலம் உருவாகியிருப்பதைக் காட்டினார். அந்தப் படலம் உண்டாகப் பல காலம் பிடித்தது. கடையில் வாங்கும் துரு மாற்றி அதே மூலகத்தை வைத்துக்கொண்டு ஒரே நாளில் அதைப்போன்ற ஒன்றைச் செய்யப் பார்க்கிறது. தூணளவு நிற்காது, அதன்மேல் பிரைமர் அடிக்கும்வரை தாங்கினால் நமக்குப் போதும். சில துரு மாற்றிகளில் டானிக் அமிலமும் இருக்கும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் நிறைந்திருக்கும் டானின் வகையைச் சேர்ந்தது அது. இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பூசிய இடம் கறுத்தால் மாற்றி வேலை செய்கிறது என்று பொருள்.

துருவுக்கு அடுத்த வேலையான ஒடுக்கு எடுப்பதிலும் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. தகட்டை லேசாக வளைத்து விட்டால் திரும்பி வரும். ஓர் எல்லையைத் தாண்டி வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். ஒரு ஒடுக்கில் இரண்டும் கலந்திருக்கும். கூர்மையாக மடிந்த கோடு எல்லை தாண்டியது. அதைச் சுற்றி உள்வாங்கிக் கிடக்கும் பெரிய பரப்போ திரும்பி வரத் துடித்துக்கொண்டிருப்பது. மடிந்த கோடுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே நல்ல டிங்கர் ஒடுக்கின் நடுவில் சுத்தியலை ஓங்குவதில்லை. உள்ளே டாலி என்னும் இரும்புக் கட்டியைத் தாங்கலாக வைத்து, மடிந்த விளிம்பை வெளிப்பக்கத்திலிருந்து மெதுவாகத் தட்டித் தளர்த்துகிறார். விளிம்பு தளர்ந்ததும் நடுப்பகுதி பெரும்பாலும் தானே எழும்பிவிடும். அவசரப்பட்டு நடுவில் அடித்தால் சுத்தியலுக்கும் டாலிக்கும் இடையில் தகடு நசுங்கி மெலிந்து பரப்பு கூடுகிறது. கூடிய பரப்புக்கு இடமில்லாததால் தகடு ‘டக் டக்’ என்று உள்ளும் வெளியும் துள்ள ஆரம்பிக்கும். பிறகு கேஸ் பிளேமால் புள்ளி புள்ளியாகச் சூடேற்றிக் குளிரவைத்துச் சுருக்க வேண்டியிருக்கும். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. டிங்கரிங் பட்டறைகளில் விரல் நுனியால் தடவியே மேடு பள்ளம் சொல்லும் தொழிலாளிகளின் அறிவை எந்தக் கட்டுரையும் முழுதாக எழுதிவிட முடியாது. ஒருநாள் அவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பது பெரிய பாடம்.

மிச்சமிருக்கும் சிறு பள்ளங்களுக்குத்தான் பட்டி. இப்போது பயன்படும் பாலியெஸ்டர் பட்டியில் பிசினும் டால்க் பொடியும் இருக்கும். சின்ன டியூபில் வரும் ஹார்டனரில் இருப்பது ஒரு பெராக்சைடு. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு சேர்த்துப் பிசைந்தால் பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இறுகுகின்றன. இந்த வினையின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு வேகம். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்கானது. சித்திரை வெயிலில் நம் வாசலில் 38 டிகிரி. அதனால் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் மூன்று நான்கு நிமிடத்திலேயே கையில் இறுகிவிடும். அதற்காக ஹார்டனரை மிகவும் குறைத்தால் உள்ளே வேகாமல் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைவதும் காலை நேரத்தில் பூசுவதுமே வழி.

பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வெப்பத்தில் அது இரும்பைவிடக் கூடுதலாக விரியும். நண்பகலில் கருநிற பானெட் தொடமுடியாத சூட்டில் கொதித்து மாலையில் ஒரு மழையில் சட்டென்று குளிரும்போது தடித்த பட்டி தகட்டோடு ஒத்துப்போக முடியாமல் விளிம்பில் வெடிக்கும். இன்னொன்று, பட்டி ஈரத்தை உறிஞ்சும். பட்டியைத் தேய்த்துவிட்டு மூடாமல் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் விட்டால் ஈரம் உள்ளே இறங்கித் தகட்டைத் தொடும். அதனால் பட்டியைக் காய்ந்த எமரியால் தேய்த்து, உடனே பிரைமரால் மூடிவிடுங்கள். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது மட்டும் நேர் எதிர்: வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கவேண்டும். பழைய வண்டிகளின் மஞ்சள், சிவப்பு நிறங்களிலும் சில பிரைமர்களிலும் ஈயச் சேர்மங்கள் இருந்தன. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு ஈயத்தின் உச்ச வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்து பறக்கும் அந்தத் தூளைக் குழந்தைகள் விளையாடும் வாசலில் பறக்கவிடக்கூடாது. தேய்க்கும்போது வழியும் சேற்றை அள்ளிக் காயவைத்துத் தனியே கட்டி அப்புறப்படுத்துங்கள். கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள்.

பிரைமருக்கு முன் ஒரு சோதனை. வெளியே தெரியாத மூலையில், தின்னர் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் வந்தால் பழைய பெயிண்ட் நைட்ரோ செல்லுலோஸ் வகை, நம் கடைக்காரர்கள் சொல்லும் என்.சி. அல்லது டூகோ. சுருங்கித் தோல்போல் எழும்பினால் சிந்தெட்டிக் எனாமல். எதுவுமே நடக்காவிட்டால் சூளையில் வாட்டியதோ ஹார்டனர் போட்டதோ ஆன பெயிண்ட். எனாமல்மேல் நேராக என்.சி. அடித்தால், அதன் கடுமையான தின்னர் அடியிலுள்ள எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். ஒருநாளில் முடிந்திருக்க வேண்டிய வேலையில் பாதிப் பாடியைச் சுரண்ட வேண்டியதாகும்.

என்.சி. பெயிண்ட் காய்வது வெறும் ஆவியாதலால். கரைப்பான் போய்விட்டால் மிஞ்சுவதுதான் படலம். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் இதை டூகோ என்ற பெயரில் கொண்டுவருவதற்கு முன், காருக்கு எண்ணெய் வார்னிஷ் பூசி ஒவ்வோர் அடுக்கையும் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள்தாம் 1923-இல் முதலில் அதை அணிந்து வந்தன. வீட்டில் அடிக்க ஏற்றது இதுதான்: வேகமாகக் காயும், தூசு ஒட்ட நேரமில்லை, தவறினால் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம். சிந்தெட்டிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாக இறுகுகிறது. அடித்ததும் பளபளக்கும், ஆனால் மணிக்கணக்கில் பசையாக நிற்கும். நம் ஊர்ச் செம்மண் புழுதிக்கு அது தாங்காது.

அடிக்கும்போது என்.சி.க்கு ஒரு பெரிய பலவீனம், ஈரக் காற்று. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு பல டிகிரி குளிர்கிறது. காற்றிலுள்ள ஆவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். ஐப்பசி மாதத்தில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. நான்கு டிகிரி குளிர்ந்தாலே பெயிண்ட்மேல் தண்ணீர் படிந்துவிடும். அந்தத் தண்ணீரில் நைட்ரோ செல்லுலோஸ் கரைந்திருக்க முடியாமல் திரிந்து, பரப்பு முழுக்க வெள்ளை பூத்துவிடும். பங்குனியில் 36 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 20; பதினாறு டிகிரி இடைவெளி. வெள்ளை பூக்காது. எனவே வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயிண்ட் அடிக்க நினைக்காதீர்கள். தை பிறந்த பிறகு, பனி முழுதும் விலகிய காலை எட்டு மணியிலிருந்து வெயில் ஏறும்வரை உள்ள நேரமே செஞ்சி வட்டாரத்தின் இயற்கையான பெயிண்ட் அறை. நண்பகலில் அடித்தால் இன்னொரு தொல்லை: துளிகள் ஸ்ப்ரே கன்னிலிருந்து தகட்டை எட்டும் முன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். கம்ப்ரசரும் தண்ணீர் கக்கும். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஆவி தண்ணீராகிவிடுகிறது. டாங்கின் அடிக் குழாயைத் திறந்து அடிக்கடி வடிக்க வேண்டும், குழாயில் ஒரு நீர்ப்பிடிப்பானும் வேண்டும்.

பெயிண்ட் பரப்பில் வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் காரணம் எண்ணெயோ சிலிக்கோனோ. டாஷ்போர்டுக்குத் தடவும் பளபளப்பு திரவங்களில் சிலிக்கோன் உண்டு. அதன் மேல் பெயிண்ட் பரவ மறுத்து விலகிக்கொள்ளும். எமரி தேய்ப்பதற்கு முன்பே மெழுகு நீக்கியால் துடைத்தாக வேண்டும், பின்னால் துடைத்துப் பயனில்லை. எமரி அதைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியிருக்கும்.

தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், அடுப்பையோ பூஜை அறை விளக்கையோ எட்டிப்பிடிக்கும். அதில் உள்ள டொலுயீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி தருவது. மூடிய அறையில் அடிக்காதீர்கள். தூசு வருமே என்று பயந்தால் திறந்த கொட்டகையில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். கரிமச் சேர்மங்களுக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

இப்போது கடையில் உங்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது டூ-கே என்னும் இரண்டு பொருள் கலந்த பாலியூரித்தேன் பெயிண்ட். பளபளப்பும் வெயில் தாங்கும் திறனும் என்.சி.யைவிட மிக மேல். என் தீர்ப்பு தெளிவானது: அதை வீட்டில் ஸ்ப்ரே பண்ணாதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் சேர்மங்கள் உள்ளன. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே குடும்பம். பெயிண்ட் ஹார்டனரில் இருப்பது அதுபோல் எளிதில் ஆவியாகாது, அந்த அளவு கொடிய நஞ்சும் இல்லை. ஆனால் ஸ்ப்ரே கன் அதை நுண்துளியாக்கி நுரையீரலுக்குள் அனுப்புகிறது. திரும்பத் திரும்பச் சுவாசித்தால் உடலுக்கு அதன்மேல் ஒவ்வாமை உண்டாகிவிடலாம். அதன்பிறகு மிகச் சிறு அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பும். அது வாழ்நாள் ஆஸ்துமாவாகவும் ஆகலாம். வாசனையை வைத்து அபாயத்தை உணரவும் முடியாது. முறையான பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு தனி அறையில்தான் இதை அடிக்கிறார்கள். அந்த வசதி இல்லாமல் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் நம் பெயின்டர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேலை கொடுக்கும் வண்டிக்காரர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே வண்டியை விடவேண்டும்.

அதனால் வீட்டில் வேலை செய்பவருக்கு நல்ல பங்கீடு ஒன்று உண்டு. துரு தேடுவது, சுரண்டுவது, துரு மாற்றி பூசுவது, ஒடுக்கு எடுப்பது, பட்டி, பிரைமர், எமரி ஆகிய பொறுமை வேலைகளை வாசலில் செய்யுங்கள். பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போவதும் இவைதான். வண்டி பத்து வருடம் நிற்பதா இரண்டு வருடத்தில் கொப்புளிப்பதா என்பதைத் தீர்மானிப்பதும் இவைதான். கடைசி நிறமும், அதன்மேல் வரும் கிளியர் என்ற நிறமற்ற பூச்சும் டூ-கே ஆக வேண்டுமென்றால், தயாரான வண்டியைத் திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ பெயிண்ட் அறை வைத்திருக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். என்.சி. போதுமென்றால் அதையும் வாசலிலேயே முடித்து, 1500, 2000 வாட்டர் பேப்பர் போட்டு, கம்பவுண்ட் தேய்த்து மெருகேற்றிக்கொள்ளலாம். வெளுத்த பெயிண்ட் முழுவதும் செத்ததாக நினைத்துவிடவும் வேண்டாம். பல வண்டிகளில் வெயிலில் சிதைந்தது மேல்தோல் மட்டும். கம்பவுண்ட் போட்டு அந்தத் தோலை எடுத்தாலே அடியில் பழைய நிறம் எழும்பி வரும். புதிதாக அடிப்பதற்கு முன் ஒரு மூலையில் இதைச் செய்து பாருங்கள்.

நிறத்தை மாற்ற ஆசைப்பட்டால் ஒன்று கவனம். ஆர்.சி.யில் நிறமும் ஒரு பதிவு. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் வண்டியைப் பரிசோதிப்பார்கள். துரு ஓட்டையை மறைத்த வண்டி அங்கே மாட்டிக்கொள்வதும் நல்லதுதான். 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விண்டேஜ் பதிவு முறையும் வந்திருக்கிறது.

இவ்வளவையும் செய்ய நேரமில்லாதவர்கள் ஒன்றையாவது அடுத்த மழைக்கு முன் செய்யுங்கள். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் சிறு வடிகால் ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் அவற்றின் வழியேதான் வெளியேற வேண்டும். இலைத் தூளும் புழுதியும் அடைத்துப் பல வண்டிகளில் அவை மூடியே கிடக்கின்றன. ஒரு மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று பாருங்கள்.